மானுக்கும் கயோட்டிக்கும் ஒரே ரைஃபிள் போதுமா?

டெக்ஸாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆஸ்டின், டாலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பித்துவிடும். கூட வேலை பார்ப்பவர் தன் ரான்ச்சுக்கு (மேய்ச்சல் பண்ணை) கூப்பிட்டிருக்கிறார், மானும் சுடலாம், நரி மாதிரி இருக்கும் காட்டுநாயான கயோட்டியும் சுடலாம் என்கிறார், ஒரே ஒரு ரைஃபிள் வாங்க உத்தேசம், எது நல்லது?

மானை மனதில் வைத்து வாங்குங்கள். கயோட்டிக்குக் குறி தப்பினால் அது ஓடிப் போய்விடும், அவ்வளவுதான். மானுக்குத் தவறான இடத்தில் பட்டால், அல்லது சரியான இடத்தில் பட்ட குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதறினால், அந்த உயிர் புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடிக்கும். அதனால் மானைச் சுத்தமாக வீழ்த்தக்கூடிய ரைஃபிள்களை முதலில் பிரித்து எடுத்துக்கொண்டு, தொல்லை விலங்குகளுக்கும் தோதானது எது என்று அதற்குள் தேடுவதுதான் சரி. பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவான தோட்டா (உறை, மருந்து, குண்டு மூன்றும் சேர்ந்தது), உதை (சுடும்போது தோளில் பின்னால் இடிப்பது) இல்லாத துப்பாக்கி என்று பார்த்து வாங்கிவிட்டு, அதை மானுக்கும் பழக்கப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் வாங்கி, சீசனுக்குள், நிலத்துக்காரர் அனுமதியோடு செய்யும் வேட்டை.

துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் இரண்டு சட்ட விஷயங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு ஒரு விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இதைப் பற்றிக் கேள்வி இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்கள் உரிமம் காலாவதியான நாளுக்கு அப்புறமும் துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால் சிக்கல்தான். டெக்ஸாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடியும் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள், வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மானுக்கு எந்தத் தோட்டா சட்டப்படி செல்லும் என்பது. டெக்ஸாஸில் சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் ஊசி தட்டி வெடிப்பது) எதுவானாலும் மானுக்குப் பயன்படுத்தலாம், .22 போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் தட்டி வெடிப்பது) மட்டும் கூடாது. கொலராடோவில் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்), மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்) எடையுள்ள விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் என்று வரையறை இருக்கிறது. வர்ஜீனியாவில் .23 காலிபருக்குக் கீழே போகக் கூடாது. ஒஹையோவில் நேர்சுவர்த் தோட்டா (கழுத்தில் சுருங்காத உறை) போடும் ரைஃபிள்தான் செல்லும், ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் எதுவுமே அங்கே மானுக்கு உதவாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கலக்காத குண்டுதான். வேலை மாறி மாநிலம் மாறுவது நமக்குச் சகஜம். டெக்ஸாஸில் வாங்கிய .223 ரைஃபிளைக் கொலராடோவின் டென்வருக்கு எடுத்துப் போனால் அது மான் ரைஃபிளாக இருக்காது.

இனி அடிப்படைக்கு வருவோம். மான் வேட்டையும் தொல்லை விலங்கு வேட்டையும் ஏன் ஒரே துப்பாக்கியில் இடிக்கின்றன?

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். 100, 150 கஜத்தில் அதை அடிப்பது பயிற்சி உள்ளவருக்குக் கஷ்டமில்லை. ஆனால் குண்டு தோலையும் விலாவையும், சில சமயம் தோள் எலும்பையும் தாண்டி, உள்ளே விரிந்து, இரண்டு நுரையீரலையும் கடக்க வேண்டும். அதற்கு எடை வேண்டும், உடையாமல் விரியும் கட்டுமானம் வேண்டும். நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு பிறந்ததே இதற்காகத்தான். ஜான் நோஸ்லர் 1940-களில் கனடாவில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானைச் சுட்டபோது குண்டுகள் உள்ளே இறங்கவில்லை. அதற்கு அப்புறம் நடுவில் தாமிரத் தடுப்புச் சுவர் வைத்து அவர் செய்த குண்டு அது. முன்பாதி விரியும், பின்பாதி முழுசாக உள்ளே போகும்.

ப்ரேரி டாக் என்பது நம் ஊர் அணிலைவிடப் பெரிய, நிமிர்ந்து நின்று பார்க்கும் ஒரு கொறிவிலங்கு. நிற்கும்போது உடம்பின் அகலம் ஏறத்தாழ 3 அங்குலம். அதை 250, 300 கஜத்தில் அடிக்க வேண்டும் என்றால் குண்டு லேசாகவும் படுவேகமாகவும் இருக்க வேண்டும், பாதை தட்டையாக இருக்க வேண்டும். பட்ட உடனே பொடிப்பொடியாக உடைவதும் முக்கியம். உடையாத குண்டு காய்ந்த தரையில் பட்டு எகிறி எங்கேயோ போகும், பக்கத்து நிலத்தில் மாடு மேய்கிறது. ஹார்னடி வி-மேக்ஸ் போன்ற பிளாஸ்டிக் முனைக் குண்டுகள் இந்த வேலைக்கானவை. அந்தக் குண்டை மானின் தோளில் அடித்தால் கிண்ணம் மாதிரி மேலோட்டமாக ஒரு காயம், உள்ளே ஒன்றும் ஆகாது. ஒரே பெட்டித் தோட்டாவில் இரண்டு வேலையும் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதோடு சூடு வேறு. மானுக்கு ஒரு நாளில் ஒரு வெடி, பல நாள் அதுவும் இல்லை. சவுத் டகோட்டா, வயோமிங், மொன்டானா புல்வெளிகளில் ப்ரேரி டாக் சுடப் போகிறவர்கள் ஒரே நாளில் பெட்டி பெட்டியாகத் தீர்ப்பார்கள். மெல்லிய மான் ரைஃபிள் குழல் நாலைந்து வெடி வேகமாக வைத்தாலே சூடாகி, குண்டு விழும் இடம் நகர ஆரம்பிக்கும். தோட்டா அறைக்கு முன்னால் உள்ள குழல் பகுதியும் அந்தச் சூட்டில் அரிக்கும். அதற்கென்று செய்த கனத்த குழல் ரைஃபிள் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 10, 11 பவுண்டு வரும், மேசையில் வைத்துச் சுட அருமை. அதைத் தோளில் போட்டு டெக்ஸாஸின் ஹில் கன்ட்ரி பாறைச் சரிவில் ஒரு மைல் நடந்தால் அடுத்த முறை துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடத் தோன்றும்.

அதனால் "மானும் வார்மின்ட்டும்" (தொல்லை விலங்குகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த வார்மின்ட் என்றுதான். ஆட்டுக்குட்டி தூக்கும் கயோட்டியை ஊதலால் அழைத்து வரவழைத்துச் சுடுவதும், வளை வளையாக மேய்ச்சல் நிலத்தைக் குடைந்துபோட்ட ப்ரேரி டாக் கூட்டத்தை நாள் முழுக்கச் சுடுவதும் வேறு வேறு வேலை. கயோட்டிக்கு நடக்க வேண்டும், ஒன்று இரண்டு வெடிதான் கிடைக்கும், 30 பவுண்டு விலங்கு, நெஞ்சும் ஓரளவு பெரியது. மான் ரைஃபிளின் குணங்களே அங்கேயும் போதும். ப்ரேரி டாக், பென்சில்வேனியா வயல்களில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக் என்றால் கதை வேறு. ஒரே ரைஃபிள் என்ற யோசனை முதல் வகைக்குத்தான் நன்றாக நடக்கும்.

நீண்ட நாள் தகராறு: 1955

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சந்தை ஒரு முறை வெளிப்படையாகவே பதில் சொல்லியிருக்கிறது. 1955-இல் இரண்டு பெரிய கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் 6 மில்லிமீட்டர் குண்டு போடும் புதுத் தோட்டாக்களை இறக்கின. வின்செஸ்டர், தன் .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .243 வின்செஸ்டர் என்று விட்டது. ரெமிங்டன் சற்றே பெரிய உறையில் .244 ரெமிங்டன் என்று விட்டது. உறையில் மருந்து கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் காகிதத்தில் ரெமிங்டனுக்குத்தான் மேல்கை.

வித்தியாசம் குழலுக்குள் இருந்தது. குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக ஓடும் வரிகள்தான் குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்கின்றன. குண்டு நீளமாக ஆக, சுழற்சி வேகமாக வேண்டும். இந்த அளவை முறுக்கு என்பார்கள். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. ரெமிங்டன் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 6 மில்லிமீட்டர் தோட்டாவை வாங்குபவர் முக்கியமாகக் கிரவுண்ட்ஹாக், காக்காய் சுடுபவராகத்தான் இருப்பார், அவருக்கு 75 கிரெய்ன் லேசுக் குண்டு போதும், மானுக்கு வேண்டுமானால் 90 கிரெய்ன் இருக்கிறது என்பது ரெமிங்டனின் கணக்கு. வின்செஸ்டர் தொல்லை விலங்குக்கு 80 கிரெய்ன், மானுக்கு 100 கிரெய்ன் என்று இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வந்தது.

வாங்குபவர்கள் 100 கிரெய்ன் பக்கம் சாய்ந்தார்கள். மான் என்று வந்துவிட்டால் அந்த 10 கிரெய்ன் வித்தியாசத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ரெமிங்டனின் மெதுவான முறுக்கில் நீளமான 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டு சரியாக நிலைக்குமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 1963-இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6எம்எம் ரெமிங்டன் என்று புதுப் பெயர் வைத்து, 9 அங்குல முறுக்கோடு மறுபடி விட்டது. தோட்டா அருமையான தோட்டாதான், இன்றும் அதைத் தேடிப் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் .243 எல்லாக் கடை அலமாரியிலும் உட்கார்ந்துவிட்டது.

இந்த விவகாரத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய .244 ரைஃபிள் ஒன்று அழகாக, மலிவாக எங்காவது கண்ணில் படலாம். புதிய ரைஃபிள்களிலும் இதே கேள்வி வரும். பெட்டியில் காலிபர் மட்டும் பார்க்காமல் முறுக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ரைஃபிள் எவ்வளவு கனமான குண்டைச் சுடும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

.223-உம் .22-250-உம்

.223 ரெமிங்டனுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சென்டர்ஃபயர் தோட்டாக்களில் மலிவானது, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், உதை இல்லவே இல்லை என்று சொல்லலாம். உதை இல்லாததால் குண்டு எங்கே பட்டது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். சுடக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. 55 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்பும்.

ஆனால் அந்த வழக்கமான 55 கிரெய்ன் தோட்டாவின் ஆற்றல் 100 கஜத்திலேயே 1,000 அடி-பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. டெக்ஸாஸில் சட்டம் அனுமதிக்கிறது, ஹில் கன்ட்ரி மான்களும் வடக்கத்தி மான்களைவிடச் சிறியவை. லானோ பக்கம் ஒரு ஆண்மான் 100 பவுண்டைத் தாண்டினால் நல்ல மான். மின்னசோட்டாவிலும் மெயினிலும் 200 பவுண்டுக்கு மேல் வரும். பரணில் உட்கார்ந்து, தீவனப் பெட்டியான ஃபீடரில் மேயும் மானை 80 கஜத்தில் பக்கவாட்டில் நிற்கும்போது, 60 கிரெய்ன் பார்ட்டிஷன் போன்ற மான் குண்டால், விலாவுக்குள் சுடத் தெரிந்தவருக்கு .223 போதும். இதில் எத்தனை நிபந்தனை என்று பாருங்கள். முதல் சீசனில் கை நடுங்கும், மான் திரும்பும், தோள் எலும்பு குறுக்கே வரும். அந்த இடத்தில் உதவிக்கு வர .223-இடம் மிச்சம் ஒன்றும் இல்லை. முதல் மான் ரைஃபிளாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

.22-250 கயோட்டிக்காரர்களின் செல்லம். பல வருடம் கைவினைத் தோட்டாவாக இருந்து 1965-இல் ரெமிங்டன் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. 55 கிரெய்ன் குண்டை 3,680 அடி வேகத்தில் அனுப்பும். 300 கஜத்தில் நிற்கும் கயோட்டிக்குக் குறியை உயர்த்திப் பிடிப்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆனால் வழக்கமான முறுக்கு 14 அங்குலம், கனமான மான் குண்டுகள் அதில் நிலைக்காது. குழலையும் சீக்கிரம் தின்னும். மானே வேண்டாம், கயோட்டி மட்டும் என்பவருக்கு இது, மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

.243 இன்னும் ஏன் நிற்கிறது

58 கிரெய்ன் வி-மேக்ஸ் போட்டால் .243 ஏறத்தாழ .22-250 வேகத்தில் தொல்லை விலங்கு ரைஃபிள். 100 கிரெய்ன் போட்டால் விநாடிக்கு 2,960 அடி, 300 கஜத்திலும் 1,000 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல் மிஞ்சும். உதையோ .308-இல் பாதிதான், கொஞ்சம் கூட இருக்கலாம். 200 கஜத்துக்குக் குறி சரிபார்த்து வைத்தால் 100-இல் 2 அங்குலத்துக்குள் மேலே, 300-இல் 7, 8 அங்குலம் கீழே. சராசரி வேட்டைக்காரர் சுட வேண்டிய தூரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

உதை குறைவு என்பதைச் சிலர் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய சலுகை போலப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உதைக்கு உடம்பு பயந்துவிட்டால் விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் தானாகத் தள்ளும், அதில் ஆண் பெண் கிடையாது. மான் வயிற்றில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். பயப்படாமல் சுடும் .243, பயந்து சுடும் .30-06-ஐவிட மானுக்கு நல்லது.

குறைகளும் இருக்கின்றன. வடக்கத்திப் பெரிய மானைக் கோணலாக நிற்கும்போது சுட .243 சரிவராது, பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். குண்டு தேர்விலும் கறார் வேண்டும். 95, 100 கிரெய்ன் மான் குண்டு, அல்லது பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்ற முழுத் தாமிரக் குண்டு. தாமிரக் குண்டு 80, 85 கிரெய்னிலேயே ஆழமாகப் போகும், கலிஃபோர்னியாவுக்கும் அதுதான் வழி. நாள் முழுக்க ப்ரேரி டாக் சுட்டால் .243 குழலும் சீக்கிரம் தேயும்.

6எம்எம் கிரீட்மோர் இதன் நவீன உறவுக்காரர். வேகமான முறுக்கு, நீளமான குண்டு, தூரத்தில் காற்றை நன்றாகச் சமாளிக்கும். 400 கஜத்துக்கு மேல் பலகையில் சுடும் ஆசையும் இருக்கிறதென்றால் இதைப் பாருங்கள். இல்லையென்றால், சீசன் தொடங்கும் முந்தின நாள் தோட்டாவை மறந்துவிட்டு வந்தவருக்கு மேசன் அல்லது லானோவில் ஒரு தீவனக் கடை அலமாரியில் .243 இருப்பதற்கான வாய்ப்பே அதிகம்.

6.5 கிரீட்மோர், .25-06, பெரியவர்கள்

.243-க்கு உண்மையான போட்டி 6.5 கிரீட்மோர்தான். ஹார்னடி 2007-இல் இலக்குப் போட்டிக்காரர்களுக்காகக் கொண்டுவந்த தோட்டா, வேட்டைக்காரர்கள் கையில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 143 கிரெய்ன் இஎல்டி-எக்ஸ் குண்டு 2,700 அடி வேகத்தில் போகும். மானுக்குத் தேவைக்கும் மேலே. நாளைக்குக் கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மானின் சீசனுக்குப் போகும் எண்ணம் இருந்தால் .243-ஐவிட இது பல படி மேல். ரான்ச்சில் காட்டுப்பன்றி நிறைய என்றாலும் இதைத்தான் சொல்வேன். தடித்த தோளுள்ள பன்றிக்கு எடை உதவும். 95 கிரெய்ன் வி-மேக்ஸ் தோட்டாவும் விற்கிறார்கள், கயோட்டிக்குத் தாராளம். உதை .243-க்கும் .308-க்கும் நடுவில்.

எங்கே பின்தங்குகிறது என்றால், நிறையச் சுடும் இடத்தில். வார இறுதியில் பயிற்சிக்குப் பெட்டி பெட்டியாகச் சுட்டால் தோளும் பையும் .243-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உணரும். மானோடு பன்றி, எல்க் என்று மேலே போகப் போகிறீர்களா, கயோட்டி, கிரவுண்ட்ஹாக் என்று கீழே போகப் போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே என்றால் 6.5, கீழே என்றால் .243.

.25-06 ரெமிங்டனை மேற்கத்தி வேட்டைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். .30-06 உறையைச் சுருக்கிச் செய்தது. வயோமிங் சமவெளியில் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கும் மானும் கயோட்டியும் ஒரே ரைஃபிளில் வேண்டும் என்றால் அதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். ஆனால் நீளமான போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை), நீளமான குழல் தேவை, சின்ன ஊர்களில் தோட்டா கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

.270-உம் .30-06-உம் மானுக்கு நூறு வருட அனுபவம் உள்ளவை, .308-உம் 1950-களிலிருந்து மானை வீழ்த்திவருகிறது, அதில் சந்தேகமில்லை. தொல்லை விலங்குக்கும் லேசுக் குண்டு போட்டுச் சுடலாம். ஆனால் உதையில் ஸ்கோப் ஒவ்வொரு முறையும் குறியைவிட்டு விலகும், பத்து வெடிக்கு மேல் யாரும் ஆசையாகச் சுட மாட்டார்கள். வீட்டில் மாமனார் கொடுத்த .308 ஏற்கெனவே இருக்கிறதா? அதை மானுக்கு வைத்துக்கொண்டு, கனத்த குழல் .223 ஒன்று தனியாக வாங்குவது நல்ல யோசனை. இரண்டையும் சேர்த்து எந்த ஒற்றை ரைஃபிளும் ஜெயிக்க முடியாது.

எந்தக் கம்பெனி ரைஃபிள்

இன்றைய போல்ட் ரைஃபிள்கள் விலை குறைந்தவை உட்பட ஏறக்குறைய எல்லாமே 100 கஜத்தில் ஓரிரு அங்குலத்துக்குள் மூன்று குண்டைப் போடும். ஆகவே துல்லியத்தைப் பற்றி மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விசை எப்படி இருக்கிறது, போல்ட் எப்படி ஓடுகிறது, கட்டை உங்கள் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஃபின்லாந்தில் சாக்கோ ஆலையில் செய்யும் டிக்கா டி3எக்ஸ் லைட்டைக் கையில் எடுத்து போல்ட்டை ஒரு முறை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஒரே விரலால் தள்ளினாலும் சிக்காமல் ஓடும். விசை சுத்தமாக உடையும். ஆறரைப் பவுண்டு அளவுதான் எடை. நடந்து வேட்டையாடுபவருக்கு .243 டிக்காவை மிஞ்ச இந்த விலையில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் குழல் மெல்லியது, மூன்று நான்கு வெடிக்கு ஒரு தரம் ஆறவிட வேண்டும்.

ரூகர் அமெரிக்கனில் பிரெடட்டர் என்ற வகை கொஞ்சம் தடித்த குழலோடு வரும், மானுக்கும் கயோட்டிக்கும் நடுவே அது நல்ல சமரசம். போல்ட் புதிதில் சொரசொரப்பு, பழகப் பழகச் சரியாகும். சாவேஜின் பெரிய பலம் வாங்குபவரே இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அக்யூட்ரிகர் விசை, இடக்கைக்காரர்களுக்கும் வகைகள் உண்டு. சாவேஜின் .243 முறுக்கு 9.25 அங்குலம், 100 கிரெய்னுக்கு நிம்மதி. ஹோவா 1500, அதையே அடிப்படையாகக் கொண்ட வெதர்பி வேன்கார்ட் இரண்டும் ஜப்பானில் செய்த கனமான, உறுதியான ரைஃபிள்கள். பரணில் உட்கார்ந்து சுடுபவருக்கு அந்த எடை உதவி.

பழைய ரெமிங்டன் 700 கைமாற்றாக நிறையக் கிடைக்கும். 1962-இலிருந்து வரும் நல்ல ரைஃபிள். ஆனால் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசையுள்ளவற்றைக் கம்பெனியே 2014-இல் திரும்ப அழைத்தது. சீரியல் எண்ணைச் சரிபார்த்து, விசை மாற்றப்பட்டதா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்கோப் என்றால் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) மானுக்குப் போதும், ஆனால் இரட்டை வேலைக்கு 4-12 நல்லது. கீழ்ப்பக்கம் 4 இருந்தால் புதரிலிருந்து திடீரென்று வெளியே வரும் மானைச் சட்டென்று பிடிக்கலாம், மேலே 12 இருந்தால் கயோட்டியின் தோள் தெரியும். கைச்செலவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ரைஃபிளில் பிடியுங்கள், கண்ணாடியில் வேண்டாம். பொழுது சாயும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் மான் வெளியே வரும்.

வாங்கிய அப்புறம் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 58 கிரெய்ன் குண்டும் 100 கிரெய்ன் குண்டும் ஒரே இடத்தில் விழாது. 100 கஜத்தில் இரண்டுக்கும் இடையே ஓரிரு அங்குலமோ அதற்கு மேலோ, மேலே கீழே மட்டுமல்ல பக்கவாட்டிலும் விலகும், எவ்வளவு என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். மணல்மூட்டையில் ரைஃபிளை வைத்து, ஒரே தாளில் மான் தோட்டா மூன்று, குழல் ஆறட்டும், வார்மின்ட் தோட்டா மூன்று என்று சுடுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்கோப்பின் திருகில் எத்தனை கிளிக் என்று எழுதி, கட்டையின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஸ்கோப் மான் தோட்டாவுக்கே இருக்கட்டும். சீசனில் கயோட்டி வந்தால் அதையும் மான் தோட்டாவாலேயே சுடுங்கள், தாராளமாக விழும். இரண்டு வகைப் பெட்டியையும் ஒரே பையில் போட்டுப் பரணுக்கு எடுத்துப் போகாதீர்கள். விடியற்காலை இருட்டில் எந்தத் தோட்டா எது என்று விரலுக்குத் தெரியாது.

அப்புறம், சுட்ட இடத்துக்குப் போனதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் ரத்தத்தைக் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரைக் குமிழியோடு இருந்தால் நுரையீரல், மான் நூறு கஜத்துக்குள் கிடக்கும். கறுத்து, பச்சையாகப் புல் துணுக்கு கலந்திருந்தால் வயிறு. உடனே துரத்தாமல் சில மணி நேரம் விட்டுத்தான் போக வேண்டும், துரத்தினால் அது சீடர் புதருக்குள் இன்னும் வெகுதூரம் போய்விடும். லேசுக் குண்டா, கனத்த குண்டா என்ற விவாதம் எல்லாம் முடிவில் அந்தக் கல்லின் மேல்தான் தெரியவரும்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாஸ், மானும் கயோட்டியும், நடந்தும் பரணிலும் என்றால் .243, டிக்கா அல்லது ரூகர் பிரெடட்டர். பன்றியும் எல்க்கும் கணக்கில் இருந்தால் அதே ரைஃபிள்களில் 6.5 கிரீட்மோர். வடக்கே பெரிய மான் என்றாலும் 6.5 அல்லது .308 உறையைச் சுருக்கிச் செய்த 7எம்எம்-08. ப்ரேரி டாக் ஆசை நிஜமாகவே இருந்தால் மான் ரைஃபிளை முதலில் வாங்குங்கள், .223 அடுத்த வருடம் வரட்டும்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் டெக்ஸாஸில் வேட்டைக் கல்விப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ரைஃபிள் தேடும் கோடையிலேயே அதையும் முடித்துவிட்டால், புது உரிமம் விற்பனைக்கு வரும் ஆகஸ்ட் மாதம் வாங்கிக்கொண்டு செப்டம்பர் முழுக்க ரேஞ்ச்சில் பயிற்சி எடுக்கலாம்.